தூக்குவாளியும் வரலாறுதான்

பாட்டி கேட்ட கேள்வி

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பூமிக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்தார்கள். சுரங்க வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே போயின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு தெருவில் மாலை நேரப் படிப்பு மையம். அதில் படிக்கிறவர்களில் ஒரு பாட்டியும் உண்டு. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மையத்துக்கு வருவார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். மெதுவாக எழுதுவார்.

ஒரு நாள் டீச்சர் சொன்னார்: “நாளைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவாங்க. அதைப் பற்றி நாலு வரி எழுதப் போறோம்.”

பாட்டி வீட்டுக்குப் போனார். பரணில் தேடினார்.

“என்ன பாட்டி தேடுறே?” என்று பேத்தி கேட்டாள்.

“டீச்சரம்மா பழைய சாமான் கொண்டாரச் சொன்னாங்க கண்ணு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? ஒடுக்கு விழுந்த இந்தத் தூக்குவாளிதான் இருக்கு.”

“இது தாத்தாவோடதா?”

“ஆமா. ஷிப்டுக்குப் போறப்ப இதுலதான் சோறு எடுத்துக்கிட்டுப் போவாரு.”

பேத்தி வாளியைத் துடைத்தாள். “பாட்டி, இதுல பேரு வெட்டியிருக்கு. நீ படிச்சிருக்கியா?”

பாட்டி பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் அவர் துலக்கிய பாத்திரம் அது. அதில் புள்ளி புள்ளியாக எழுத்து இருப்பது அவருக்குத் தெரியும். அது என்ன எழுத்து என்று அப்போது தெரியாது. இப்போது விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தம் வரவில்லை. கணவர் பெயரை வாயால் சொல்லாத காலத்தில் வளர்ந்தவர் அவர்.

மறுநாள் மையத்தில் பாட்டி கேட்டார்: “டீச்சரம்மா, இதெல்லாம் ஒரு வரலாறா? வரலாறுன்னா ராசா, கோட்டை, சண்டைன்னுதானே சொல்லுவாங்க?”

“அதுவும் வரலாறுதான் பாட்டி. இதுவும் வரலாறுதான். அமிர்தசரஸ் ஊர் மியூசியத்தைப் பற்றிச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் சொன்னதை நாமும் படிப்போம்.

அருங்காட்சியகம் என்றால் என்ன?

பழைய பொருள்களையும் அரிய பொருள்களையும் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் அருங்காட்சியகம். இதை மியூசியம் என்றும் சொல்கிறோம். பொருளைப் பூட்டி வைப்பது மட்டும் அதன் வேலை அல்ல. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள், அதனால் என்ன தெரிகிறது என்று மக்களுக்குச் சொல்வதும் அதன் வேலை.

இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் கொல்கத்தாவில் இருக்கிறது. அது 1814ஆம் ஆண்டில் தொடங்கியது. சென்னை அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கியது.

சென்னை மக்கள் அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வேடிக்கையான பெயர் வைத்தார்கள். மிருகக் காட்சி சாலையில் உயிருள்ள விலங்குகள் இருந்தன. அதை ‘உயிர் காலேஜ்’ என்றார்கள். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த விலங்குகள் இருந்தன. அதைச் ‘செத்த காலேஜ்’ என்றார்கள்.

பெயர் வேடிக்கைதான். ஆனால் அதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. அருங்காட்சியகம் செத்துப்போன பொருள்களின் வீடா? அல்லது மக்கள் வந்து பேசிச் சிரித்து அழுது போகும் உயிருள்ள இடமா?

அமிர்தசரஸ் மக்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கோடு, இரண்டு நாடு

அமிர்தசரஸ் பஞ்சாப் மாநிலத்தில் இருக்கிறது. சீக்கியர்களின் பொற்கோயில் இருக்கும் ஊர் அது. 1919ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சியில் துப்பாக்கிச் சூடு நடந்த ஜாலியன்வாலா பாக் திடலும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து பாகிஸ்தான் எல்லை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்தியா விடுதலை பெற்றது. அதே நேரத்தில் நாடு இரண்டாகப் பிரிந்தது. இந்தியா ஒரு நாடு, பாகிஸ்தான் ஒரு நாடு என்று ஆனது. பஞ்சாப் மாகாணமும் வங்காள மாகாணமும் நடுவில் வெட்டப்பட்டன.

எல்லைக் கோட்டை வகுக்கும் வேலையை ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்த காலம் ஐந்து வாரம். ஆகஸ்ட் 15ஆம் தேதி விடுதலை கிடைத்தது. எல்லைக் கோடு ஆகஸ்ட் 17ஆம் தேதிதான் வெளியானது. அதுவரை எல்லையோர மக்கள் பலருக்குத் தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கும் என்பதே உறுதியாகத் தெரியாது.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டுப் போனார்கள். இந்துக்களும் சீக்கியர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். ரயிலில் போனார்கள். மாட்டு வண்டியில் போனார்கள். நடந்தே போனார்கள். வழியில் கலவரம், கொலை, பசி, நோய். பல லட்சம் பேர் இறந்தார்கள். எல்லா மதத்து மக்களும் கொல்லப்பட்டார்கள். பெண்கள் பட்ட துன்பம் சொல்லி முடியாது.

தப்பி வந்தவர்களில் ஏராளமானோர் முதலில் வந்து சேர்ந்த ஊர் அமிர்தசரஸ். அங்கே அகதி முகாம்கள் இருந்தன. ஒரு வேளைச் சோற்றுக்கு நீண்ட வரிசை நின்றது.

பிறகு மக்கள் புது வாழ்க்கையைத் தொடங்கினார்கள். வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் நடந்ததைப் பற்றிப் பலர் பேசவே இல்லை. நெஞ்சில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பேசாமலே பலர் இறந்தும் போனார்கள்.

பொருள் கொடுங்கள், கதை சொல்லுங்கள்

இப்படி ஏறக்குறைய எழுபது வருடம் போனது. இந்தப் பெரும் துயரத்துக்கு என்று ஓர் அருங்காட்சியகம் எங்கும் இல்லை. அப்போது சிலர் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அதன் தலைவர் கிஷ்வர் தேசாய் என்ற பெண் எழுத்தாளர். பஞ்சாப் அரசு அமிர்தசரஸ் நகரின் பழைய டவுன்ஹால் கட்டடத்தில் இடம் கொடுத்தது.

கட்டடம் கிடைத்தது. உள்ளே எதை வைப்பது? மன்னரின் கிரீடமா? தங்கச் சிலையா? அவை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் மக்களிடம் போனார்கள். “பிரிவினையின்போது நீங்கள் கையோடு கொண்டுவந்த பொருள் ஏதாவது இருக்கிறதா? அதைத் தர முடியுமா? அதன் கதையைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார்கள்.

மக்கள் கொடுத்தார்கள். தகரப் பெட்டி கொடுத்தார்கள். சமையல் பாத்திரம் கொடுத்தார்கள். துணிமணி, கடிதம், புகைப்படம் கொடுத்தார்கள். கடையில் விலை பேசினால் அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருந்தது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி பிரிவினை அருங்காட்சியகம் முறையாகத் திறக்கப்பட்டது. அந்த நாளைப் பாருங்கள். எல்லைக் கோடு வெளியான அதே நாள். சரியாக 70 வருடம் கழித்து.

ஒரு சட்டை, ஒரு கைப்பெட்டி

அந்த அருங்காட்சியகத்தில் பெண்கள் அணியும் மேல்சட்டை ஒன்று இருக்கிறது. துணியில் பூவேலை செய்தது. இந்தப் பூவேலைக்குப் பஞ்சாபில் புல்காரி என்று பெயர். அதோடு ஒரு தோல் கைப்பெட்டியும் இருக்கிறது.

சட்டை ஓர் இளம்பெண்ணுடையது. பெட்டி ஓர் இளைஞருடையது. பிரிவினைக்கு முன்பே இருவருக்கும் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் கலவரம் வந்துவிட்டது.

அந்தப் பெண் தன் சின்னத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அந்தச் சட்டையைக் கையோடு கொண்டுவந்தார். அந்த இளைஞர் மூன்று சகோதரர்களைக் கலவரத்தில் பறிகொடுத்தார். படிப்புச் சான்றிதழ்களையும் சொத்துப் பத்திரங்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இவர் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருப்பது இவருக்குத் தெரியாது.

இருவரும் அமிர்தசரஸ் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே சாப்பாட்டு வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்!

1948ஆம் ஆண்டில் இருவருக்கும் எளிமையாகத் திருமணம் நடந்தது. அந்தச் சட்டையும் பெட்டியும் வீட்டிலேயே இருந்தன. பிற்காலத்தில் குடும்பத்தார் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

சட்டையை மட்டும் பார்த்தால் அது ஒரு பழந்துணி. கதையோடு பார்த்தால் அது நாட்டின் வரலாறு.

குரலும் ஒரு பொருள்தான்

பொருள் இல்லாதவர்கள் என்ன செய்வது? எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு வந்தவர்கள் பலர். அவர்களிடம் நினைவு இருக்கிறது. குரல் இருக்கிறது.

அருங்காட்சியகத்தார் முதியவர்களைத் தேடிப் போனார்கள். அவர்கள் பேசுவதைக் கேமராவில் பதிவு செய்தார்கள். இதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். அங்கே போகிறவர்கள் இன்றும் அந்த முகங்களைப் பார்க்கலாம். அந்தக் குரல்களைக் கேட்கலாம்.

இந்த வேலையில் ஓர் அவசரம் இருந்தது. 1947இல் பத்து வயதுப் பிள்ளை 2017இல் எண்பது வயது முதியவர். இன்னும் பத்து வருடம் தாமதித்திருந்தால் பல குரல்கள் கிடைத்திருக்காது.

படிக்கத் தெரியாதவரும் வாய்மொழி வரலாற்றுக்குக் கொடுக்க முடியும். அவருடைய நினைவே ஒரு புத்தகம். ஒரு முதியவர் சொல்லாமலே இறந்துபோனால் அந்தப் புத்தகமும் அவரோடு போய்விடுகிறது.

இலை இலையாய் எழுதிய மரம்

அந்த அருங்காட்சியகத்தின் கடைசி அறையில் ஒரு மரம் இருக்கிறது. அது நிஜ மரம் அல்ல. எல்லையில் போடும் முள்கம்பியால் செய்த மரம். அதற்கு நம்பிக்கை மரம் என்று பெயர்.

பார்க்க வருகிறவர்களுக்கு இலை வடிவில் வெட்டிய காகிதம் கிடைக்கும். அதில் மனதில் பட்டதை எழுதலாம். அன்பைப் பற்றி எழுதலாம். அமைதியைப் பற்றி எழுதலாம். எழுதிய இலையை மரத்தில் மாட்டலாம். இப்படி முள்கம்பி மரம் பச்சை மரம் ஆகிறது.

அங்கே பெரிய எழுத்தாளர்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். உங்களுக்கு அது தெரியும்.

வாசலைத் தாண்டி வரும் அருங்காட்சியகம்

நல்ல அருங்காட்சியகம் மக்கள் வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை. மக்களை அழைக்கிறது. மக்களிடம் போகவும் செய்கிறது.

அமிர்தசரஸில் ஆகஸ்ட் 17ஆம் தேதியை நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். பார்த்ததோடு நிற்காமல் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேள்வி கேட்கிறார்கள்.

வேறு ஊர்களிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் உண்டு.

கொல்கத்தாவில் ஓர் அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டில் அது ஒரு நடமாடும் கண்காட்சியைத் தொடங்கியது. நகரத்துக்கு வர முடியாத கிராமத்துப் பிள்ளைகளை அறிவியல் தேடிப் போனது.

மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரில் ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் அது ஒரு பேருந்தையே சிறிய அருங்காட்சியகமாக மாற்றியது. அந்தப் பேருந்து பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் போனது.

போபால் நகரத்தில் 1984ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 30 வருடம் கழித்து 2014இல் அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். இறந்த பிள்ளைகளின் பொருள்களைத் தாய்மார்கள் கொடுத்தார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள்.

தங்கள் கதையைத் தாங்களே சொல்வது முக்கியம். நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். அல்லது யாருமே சொல்ல மாட்டார்கள்.

தங்கவயலின் கதை

டீச்சர் சொல்லி முடித்தார். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

“நம்ம ஊருக்கும் கதை இருக்கே!” என்றார் ஒருவர்.

உண்மைதான். தங்கவயலில் 1880களில் ஆங்கிலேயக் கம்பெனி பெரிய அளவில் சுரங்கம் தோண்டியது. தொழிலாளர்கள் ஆழத்தில் இறங்கினார்கள். காலப்போக்கில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. உலகத்தின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அடியில் கடும் வெப்பம். திடீரென்று பாறை வெடிக்கும். பாறைத் தூசி நெஞ்சில் சேர்ந்து நுரையீரல் நோய் வரும்.

1902ஆம் ஆண்டில் காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. நாட்டின் பல நகரங்களில் விளக்கு எரியாத காலம் அது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது. பலர் ஊரை விட்டுப் போனார்கள். இன்றும் ஏராளமானோர் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

எத்தனை டன் தங்கம் வந்தது என்று கணக்கு இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கியவர் என்ன சாப்பிட்டார், என்ன பாட்டுப் பாடினார், வீட்டில் மனைவி எப்படிக் காத்திருந்தார் என்ற கணக்கு எங்கே இருக்கிறது? அது அந்த வீடுகளில்தான் இருக்கிறது.

“அப்போ நாமே ஒரு நாள் மியூசியம் நடத்தலாமா?” என்று பேத்தி கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள்.

ஒரு நாள் பொருட்காட்சி நடத்துவது எப்படி?

இதை நீங்களும் உங்கள் ஊரில் செய்யலாம். பெரிய செலவு இல்லை.

1. நாள் குறியுங்கள். எல்லோருக்கும் வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். மே 18ஆம் தேதி உலக அருங்காட்சியக நாள். அந்த நாளிலும் நடத்தலாம்.

2. இடம் பாருங்கள். படிப்பு மையம், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் எதுவானாலும் சரி. முதியவர்கள் ஏறி இறங்கக் கஷ்டப்படாத இடமாக இருக்கட்டும்.

3. வீடு வீடாகச் சொல்லுங்கள். எல்லாத் தெருவுக்கும் போங்கள். ஒரு தெருவை விட்டாலும் ஊரின் கதையில் ஓட்டை விழும்.

4. பொருள்களை வாங்கும்போது நோட்டில் எழுதுங்கள். பொருளின் பெயர், கொடுத்தவர் பெயர், தேதி. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள்.

5. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அதில் நான்கு செய்திகள் போதும்: இது என்ன? இது யாருடையது? எந்தக் காலத்தது? இதன் கதை என்ன?

6. முதியவர்கள் உட்கார்ந்து பேச ஒரு மூலை ஒதுக்குங்கள். அவர்கள் சம்மதம் சொன்னால் செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

7. கடைசியில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர்கள் ஒரு வரி எழுதட்டும்.

கொடுக்கும் முன் கவனியுங்கள்

வீட்டுப் பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பினால் நேரில் போய் விசாரியுங்கள். நிரந்தரமாகக் கொடுக்கிறோமா, சில காலத்துக்கு மட்டும் கொடுக்கிறோமா என்று தெளிவாகப் பேசுங்கள். எழுத்தில் ரசீது வாங்குங்கள். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் கலந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

“பழைய சாமான் வாங்குகிறோம்” என்று வாசலில் வரும் முன்பின் தெரியாதவரிடம் அரிய பொருளைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிலம் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய காசு, சிலை, நகை கிடைத்தால் அது வேறு. புதையல் பற்றி 1878ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

பாட்டி எழுதிய அட்டை

பொருட்காட்சி நாள் வந்தது. மையத்தில் மேசைகள் போட்டார்கள். சுரங்கத் தலைக்கவசம் ஒன்று வந்தது. பழைய ரேடியோ வந்தது. கல்யாணப் புகைப்படங்கள் வந்தன. அம்மிக்கல்லைக்கூட ஒருவர் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்.

பாட்டி தூக்குவாளியைப் புளி போட்டு நன்றாகத் துலக்கியிருந்தார். அதன் பக்கத்தில் அவர் எழுதிய அட்டை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது.

ஒரு பெரியவர் வந்தார். வாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இந்தத் தூக்கு எனக்குத் தெரியும்மா” என்றார் பாட்டியிடம். “அண்ணனும் நானும் ஒரே ஷிப்டு. ஒரு நாள் என் சோறு கீழே கொட்டிப் போச்சு. இதுலேருந்துதான் பாதி சோறு எடுத்துக் கொடுத்தாரு. அன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. இன்னும் ஞாபகம் இருக்கு.”

பாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு நாள் ரொம்பப் பசியோட வீட்டுக்கு வந்தாரு. ‘சோறு பத்தலியா?’ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. நான் குறைச்சுப் போட்டுட்டேனோன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

பெரியவர் அட்டையை எடுத்தார். “கண்ணாடி எடுத்தாரலை. இதுல என்ன எழுதியிருக்கு? யாராவது படிச்சுச் சொல்லுங்க.”

பேத்தி கை நீட்டினாள். பாட்டி அவள் கையைத் தடுத்தார்.

“இரு கண்ணு. நானே படிக்கிறேன்.”

பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இது தூக்குவாளி. எங்கள் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்தது. இதில் சோறு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கினார். அவர் பெயர்…”

பாட்டி கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அந்தப் பெயரையும் சத்தமாகப் படித்தார்.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

அருங்காட்சியகம் – அரிய பொருள்களையும் பழைய பொருள்களையும் பாதுகாத்துக் காட்டும் இடம்
பிரிவினை – ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிவது
அகதி – சொந்த ஊரை விட்டு உயிர் பிழைக்க வந்தவர்
வாய்மொழி வரலாறு – ஒருவர் கண்டதையும் பட்டதையும் அவரே சொல்லப் பதிவு செய்வது
அறக்கட்டளை – பொதுநலப் பணிக்காகச் சட்டப்படி அமைத்த அமைப்பு

பேசிப் பார்ப்போம்

1. சென்னை அருங்காட்சியகத்தை மக்கள் ஏன் ‘செத்த காலேஜ்’ என்றார்கள்?
2. அமிர்தசரஸ் அருங்காட்சியகத்தை ஆகஸ்ட் 17ஆம் தேதி ஏன் திறந்தார்கள்?
3. பொருள் எதுவும் இல்லாதவர் அருங்காட்சியகத்துக்கு எதைக் கொடுக்க முடியும்?
4. தூக்குவாளியைப் பொருட்காட்சியில் வைத்ததால் பாட்டி புதிதாக என்ன தெரிந்துகொண்டார்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளை எடுங்கள். அது யாருடையது என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். கீழே உள்ள அட்டையை நிரப்புங்கள்.

இது என்ன? ……………………
இது யாருடையது? ……………………
எந்தக் காலத்தது? ……………………
இதன் கதை: ……………………

எழுதிய அட்டையை வகுப்பில் நீங்களே சத்தமாகப் படியுங்கள்.